வாசலை விட்டு எழுந்தவர்கள்

ஆவாரம்பட்டி பேருந்து நிலையத்தில் ஆடுகளும் கழுதைகளும் நாய்களும் குடியிருந்தன. மனிதர்கள் அங்கே இல்லை. அவர்கள் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. கூரை இடிந்த கடைகளுக்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது. சக்கரம் மண்ணில் புதைந்த ஒரு பேருந்துக்குள் ஆடுகள் குட்டி போட்டன. விளக்குக் கம்பத்தின் உச்சியில் காக்கைகள் கூடு கட்டின.

மனிதர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ஒவ்வொரு கூட்டமும் ஒரு காரணம் சொல்லும். வானத்திலிருந்து நெருப்பு விழுந்தது என்று ஆடுகள் சொல்லும். தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழிந்தார்கள் என்று காக்கைகள் சொல்லும். நாய்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. எசமானர்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், பந்தி முடிந்ததும் திரும்பிவிடுவார்கள் என்று அவை சொல்லிவந்தன.

நாய்களின் சொல்தான் அங்கே சட்டம். ஆடுகளைத் தொடக்கூடாது என்று எசமானர்கள் சொல்லிவிட்டுப் போனதால் நாய்கள் எலியையும் பெருச்சாளியையும் தின்று பிழைத்தன. அந்த நன்றிக்காகவே மற்ற விலங்குகள் நாய்களுக்குக் கட்டுப்பட்டன.

நாய்களின் தலைவன் கோம்பையன். செம்பட்டை உடம்பு, கறுத்த முகம். கடைவீதிக் கோடியில் இருந்த மாடி வீட்டின் வாசலில் அவன் உட்கார்ந்திருப்பான். அந்த வீட்டின் கதவு என்றைக்கும் பூட்டியே கிடந்தது. வாசற்படியில் ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. கோம்பையனின் அப்பனும் பாட்டனும் அதே படியில் உட்கார்ந்து, அதே தட்டைப் பார்த்துக்கொண்டே செத்தவர்கள். அவர்கள் வம்சத்தில் துரை என்று ஒருவன் இருந்தானாம். கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டியவனாம். எசமானர்கள் அவனை மட்டும் காரில் ஏற்றிக் கூட்டிப்போனார்களாம். அவர்கள் திரும்பி வரும்போது துரைதான் முதலில் குதித்து இறங்குவான் என்று கோம்பையன் எல்லோருக்கும் சொல்லுவான். சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

காலையில் எல்லா விலங்குகளும் நெடுஞ்சாலையைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். சாலை வெறுமையாக இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்து போவார்கள். ஊரை விட்டு யாரும் வெளியேறக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். இந்தச் சட்டத்திலேயே வாழ்ந்து வாழ்ந்து, எந்தத் தழை எந்த நோய்க்கு ஆகும் என்பதை ஆடுகள் மறந்துவிட்டன. மண்ணை முகர்ந்து நீர் இருக்கும் திசையைச் சொல்வது கழுதைகளுக்கு மறந்துபோயிற்று. கூட்டமாக ஓடி ஒரு வேலையை முடிப்பது நாய்களுக்கு மறந்துபோயிற்று.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. பேருந்து நிலையத்துப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர்தான் எல்லோருக்கும் குடிநீர். அது சேறாயிற்று. சேறு வெடித்தது.

செவலை என்ற ஆட்டின் குட்டி அந்தச் சேற்றில் வாயை வைத்தபடியே செத்துப்போயிற்று. செவலை குட்டியின் முதுகை நக்கிக்கொண்டே நின்றாள். அன்று காலை வரிசையில் அவள் வந்து நிற்கவில்லை. அவளை இழுத்து வரும்படி கோம்பையன் இரண்டு நாய்களை அனுப்பினான்.

அப்போதுதான் பொதியாயி என்ற கழுதை வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அவள் குரலும் அப்படியொன்றும் இனிமையானது அல்ல. ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேற்கு மலைக்கு அப்பால் ஓர் ஆறு ஓடுவதைக் காக்கைக் கரியான் பார்த்திருக்கிறான் என்று அவள் சொன்னாள். காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று ஈரமாக இருக்கிறது என்றும், அதைத் தன் மூக்கும் சொல்கிறது என்றும் சொன்னாள். நடக்க முடிந்தவர்கள் இன்றே புறப்பட வேண்டும், நாளைக்கு நடக்க முடிகிறவர்கள் குறைந்துபோவார்கள் என்றாள்.

நாய்கள் உறுமின. காக்கை பொய் சொல்லும், வழியில் சாகும் விலங்குகளைத் தின்பதற்காகவே சொல்லும் என்று ஒரு கிழநாய் கத்தியது. கம்பத்தின் மேலிருந்த கரியான், "செத்ததைத் தின்பதென்றால் நான் இங்கேயே இருந்தால் போதுமே" என்றான். 

கோம்பையன் எழுந்து பொதியாயியின் முன்னால் வந்து நின்றான். அவனுக்குக் கோபம் இருந்தது. கோபத்துக்குள் பயமும் இருந்தது.

"அவர்கள் வரும்போது வாசலில் யாரும் இல்லையென்றால் என்ன நினைப்பார்கள், அக்கா?"

"வரும்போது வாசல் நிறைய எலும்பு கிடந்தால் என்ன நினைப்பார்கள், தம்பி?"

கோம்பையன் பல்லைக் காட்டினான். போகிறவர்களுக்குத் திரும்பி வர இடம் கிடையாது என்று அறிவித்தான். பொதியாயி அவனை உதைக்கவில்லை, வையவும் இல்லை. அவனைச் சுற்றிக்கொண்டு மேற்கே நடந்தாள். முதலில் அவளுக்குப் பின்னால் போனவள் செவலை. பிறகு ஆடுகள் ஒவ்வொன்றாக, பிறகு மற்றக் கழுதைகள். நாய்களும் தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தன.

கடைசியாக வெள்ளச்சி எழுந்தாள். அவள் கோம்பையனின் துணை. அவள் மடியில் பால் வற்றியிருந்தது. கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் வெறும் காம்பைச் சப்பிச் சப்பி ஓய்ந்திருந்தன. அவள் ஒரு குட்டியை வாயில் கவ்வினாள். செவலை கழுதைகளோடு திரும்பி வந்து, மற்றக் குட்டிகளை அவற்றின் முதுகில் ஏற்ற உதவினாள். வெள்ளச்சி கோம்பையனிடம் எதுவும் சொல்லவில்லை. வாயில் குட்டி இருக்கும்போது எப்படிச் சொல்ல முடியும்? அவள் ஒருமுறை பார்த்தாள், நடந்தாள்.

கோம்பையன் படியிலேயே உட்கார்ந்தான்.

தெரு காலியாயிற்று. அவன் தட்டைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். உச்சி வெயிலில் புழுதிக் காற்று ஒன்று கிளம்பி வந்து வீட்டின் பின்புறம் மோதியது. கரையான் அரித்த கதவு நிலையோடு பெயர்ந்து வெளிப்பக்கமாக விழுந்தது. கோம்பையன் துள்ளி விலகினான். வம்சம் வம்சமாகக் காவல் காத்த வீட்டை அவன் அன்றைக்குத்தான் உள்ளே பார்த்தான்.

வீட்டில் ஒன்றுமில்லை. மேல்தளத்தைப் பிளந்துகொண்டு ஆலம்விழுது இறங்கியிருந்தது. நாற்காலிகளைக் கரையான் மூடியிருந்தது. ஆனால் கதவுக்கு நேர் பின்னால், நிலைப்படியை ஒட்டி, ஒரு நாயின் எலும்புக்கூடு கிடந்தது. மண்டை வாசலைப் பார்த்திருந்தது. கழுத்தெலும்பைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை. விழுந்து கிடந்த கதவின் உள்பக்கத்தில், அடியிலிருந்து எட்டும் உயரம் வரை, நகத்தால் பிறாண்டிய கோடுகள்.

துரை காரில் போகவில்லை. அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோம்பையன் வெகுநேரம் அந்தக் கோடுகளை முகர்ந்துகொண்டே நின்றான். பாட்டன் சொன்ன கதையை நினைத்தான். தான் சொன்ன கதையை நினைத்தான். செத்துப்போன ஆட்டுக்குட்டியை நினைத்தான். இழுத்து வா என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தபோது அவன் தலை தாழ்ந்தது. பிறகு அவன் பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளித் துரையின் எலும்புகளை மூடினான். மூடி முடித்ததும் மூக்கைத் தரையில் வைத்தான். வெள்ளச்சியின் வாசனை மேற்கே போயிருந்தது. அவன் ஓடினான்.

மலைப்பாதையில் பொதியாயியின் கூட்டம் சிரமப்பட்டது. பழைய தார்ச்சாலை பாதி மலைக்கு மேல் சரிந்து போயிருந்தது. குளம்பு வைக்கக் கொஞ்சம் இடமே இருந்தது. ஆடுகள் முன்னால் போய்க் கால் நிற்கும் கல் எது, உருளும் கல் எது என்று பார்த்துச் சொல்லின. கழுதைகள் அதே கல்லில் கால் வைத்தன. முதலில் எல்லோரும் பயந்தார்கள். ஏற ஏற, அவர்களுடைய கால்களுக்கு மலை ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளாடு, யாரும் கேட்காமலே, செங்குத்தான பாறையில் தாவி ஏறி நின்றது. ஏறிய பிறகு அதுவே தன் கால்களை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டது.

கணவாய்க்குச் சற்றுக் கீழே செந்நாய்கள் வழிமறித்தன. பாறைகளுக்குப் பின்னாலிருந்து சீழ்க்கை அடித்தபடி இறங்கின. அவற்றின் தலைவி காது கிழிந்தவள். அவள் அவசரப்படவில்லை. மலையில் கால் வைத்தவர்கள் வழிக்கூலி தர வேண்டும், ஓர் ஆட்டை விட்டுவிட்டு மற்றவர்கள் போகலாம் என்று நிதானமாகச் சொன்னாள்.

ஆடுகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்தன. நொண்டி ஆடு ஒன்று இருக்கிறது, அது எப்படியும் வராது என்று யாரோ முனகினார்கள். பொதியாயி அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"இன்றைக்கு நொண்டியைக் கொடுத்தால் நாளைக்குக் கிழத்தைக் கேட்பார்கள். நாளன்றைக்குக் குட்டியைக் கேட்பார்கள். நம்மில் யாரையும் கொடுக்க மாட்டோம். எல்லோரும் வட்டமாக நில்லுங்கள்."

செவலைதான் முதலில் நின்றாள், கொம்பை வெளிப்பக்கம் நீட்டி. குட்டிகளும் நொண்டியும் நடுவில். கொம்புள்ள ஆடுகள் சுற்றிலும். கழுதைகள் பின்னங்கால்கள் வெளியே இருக்கும்படி இடையிடையே நின்றன. அப்படி நிற்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெள்ளச்சி வாயிலிருந்த குட்டியை நடுவில் இறக்கிவிட்டு, வட்டத்தின் ஓரத்துக்கு வந்தாள்.

செந்நாய்கள் பாய்ந்தன. முதலில் வந்தது பொதியாயியின் உதை வாங்கிப் பாறையில் போய் விழுந்தது. இன்னொன்று செவலையின் கொம்பில் விலாவைக் கிழித்துக்கொண்டது. ஆனால் செந்நாய்கள் பழக்கப்பட்டவை. வட்டத்தில் எந்த இடம் மெலிந்தது என்று பார்த்து அங்கேயே திரும்பத் திரும்ப வந்தன. வெள்ளச்சியின் தோளில் பல் பதிந்தது.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு குரைப்பு. கோம்பையன் சரிவில் மேலேறி வந்துகொண்டிருந்தான். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் நேராகக் கிழிந்த காதுக்காரியின் மேல் பாய்ந்தான். இருவரும் புழுதியில் உருண்டார்கள். தலைவனைக் கண்டதும், கூட்டத்தோடு வந்திருந்த நாய்களுக்கு அதுவரை வராத துணிவு வந்தது. அவை இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடி, செந்நாய்களைப் பின்னாலிருந்து நெருக்கின.

தலைவி உதறிக்கொண்டு எழுந்து எட்டி நின்றாள். முன்னால் கொம்பும் குளம்பும், பின்னால் பல்லும் இருந்தன. ஓர் ஆட்டுக்காகத் தன் கூட்டத்தில் பாதியை இழக்க அவள் முட்டாள் அல்ல. போவதற்கு முன் கோம்பையனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாருடைய நாய்?"

முந்தைய நாள் கேட்டிருந்தால் அவன் பெருமையாக ஒரு பதில் சொல்லியிருப்பான். இப்போது அவன் மூச்சு வாங்கியபடி, "யாருடைய நாயும் இல்லை. இவர்களோடு வந்தவன்" என்றான். அந்தப் பதில்தான் அவனுக்கு உண்மையான பெருமையாக இருந்தது.

செந்நாய்கள் போனதும் அவன் பொதியாயியின் முன்னால் வந்து தலையைத் தாழ்த்தினான். வீட்டுக்குள் பார்த்ததைச் சொன்னான். செவலையிடம் போய், உன் குட்டிக்கு என் சட்டமும் ஒரு காரணம் என்றான். செவலை நடுவில் கிடந்த குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இருக்கிற குட்டிகளைப் பார், அண்ணே" என்று மட்டும் சொன்னாள். மறுபடி நடந்தார்கள்.

கணவாயின் உச்சியில் துருப்பிடித்த ஒரு செல்போன் கோபுரம் நின்றது. அதன் அடியில் சில உருவங்கள் உட்கார்ந்திருந்தன. இரண்டு கால், மெலிந்த உடம்பு, இடுப்பில் மரப்பட்டை. நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. பார்த்ததில்லை என்றாலும் ரத்தத்துக்குத் தெரிந்தது. மனிதர்கள்!

கோம்பையனின் வால் அவன் அனுமதி இல்லாமலே ஆடியது.

ஆனால் இவர்கள் கதையில் வரும் எசமானர்களைப் போல இல்லை. நெருப்பு மூட்ட இவர்களுக்குத் தெரியாது. பச்சைக் கிழங்கைக் கல்லால் நசுக்கித் தின்றார்கள். பாறை இடுக்கில் கசியும் நீரை நக்கிக் குடித்தார்கள். தங்கள் முன்னோர் வானத்தில் பறந்தார்கள், கோபுரத்தின் வழியாகப் பேசினார்கள், ஒருநாள் இங்கே இறங்கிவந்து அழைத்துப்போவார்கள் என்று நம்பினார்கள். அதனால் கோபுரத்தை விட்டு நகரவே இல்லை. தாங்கள் வணங்கும் அந்த இரும்பு எதற்குக் கட்டப்பட்டது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

விலங்குகளைக் கண்டதும் சிலர் கல்லை எடுத்தார்கள். தும்பை என்ற பெண் மட்டும் எடுக்கவில்லை. அவள் கையில் உதடு வெடித்த ஒரு குழந்தை இருந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. அவள் முன்னால் வந்தாள். உங்களை அனுப்பியது முன்னோர்கள்தானா, அவர்கள் பின்னால் வருகிறார்களா என்று கேட்டாள். மற்றவர்கள் கல்லைப் பிடித்தபடியே பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

கோம்பையன் அந்த முகங்களைப் பார்த்தான். அவற்றில் இருந்தது அவனுக்கு நன்றாகத் தெரிந்த நம்பிக்கை. ஆமாம், நாங்கள் அவர்களுடைய தூதர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனிதர்கள் அவன் காலில் விழுந்திருப்பார்கள். அவனுக்கு அந்த ஆசை வராமல் இல்லை. பிறாண்டிய கோடுகள் நினைவுக்கு வந்தன.

"எங்களை யாரும் அனுப்பவில்லை, தாயே. எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை. நாங்களே புறப்பட்டு நடந்து வந்தோம்."

யாரும் அனுப்பாமலா என்று தும்பை திரும்பக் கேட்டாள். அப்படியும் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யலாம் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

பொதியாயி பள்ளத்தாக்கைக் காட்டினாள். மரங்களுக்கு நடுவே ஆறு வெயிலில் மின்னியது. அது தெரிந்த ஆறுதான் என்றாள் தும்பை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் முன்னொரு காலத்தில் செத்தார்களாம். அன்றிலிருந்து யாரும் அங்கே இறங்கியதில்லை. கரியான் பறந்து போனான். எல்லோரும் பார்த்திருக்க ஆற்றில் அலகை வைத்துக் குடித்தான். திரும்பி வந்து, அங்கே மீன் துள்ளுகிறது, நீர்நாய்கள் குட்டிகளோடு விளையாடுகின்றன, தண்ணீர் என்றைக்கோ சுத்தமாகிவிட்டது என்று சொன்னான்.

மனிதர்களில் மூத்தவன் ஒருவன் கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போகிறவர்கள் இங்கே திரும்ப முடியாது என்று கத்தினான். கோம்பையன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவனிடம் நிறைய நேரம் பேசினான். என்ன பேசினான் என்று யாருக்கும் கேட்கவில்லை. முடிவில் அந்த மனிதன் அழுதான், ஆனால் கோபுரத்தை விடவில்லை.

தும்பை குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு சரிவில் முதல் அடி வைத்தாள். கால் வழுக்கியது. பொதியாயி தன் முதுகை அவள் பக்கமாக நகர்த்தி நின்றாள். தும்பை அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் இறங்கினார்கள்.

ஆற்றங்கரையில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆடும் நாயும் கழுதையும் மனிதரும் கிடைத்த இடத்தில் குனிந்து குடித்தார்கள். தும்பை உள்ளங்கையில் நீரை எடுத்துக் குழந்தையின் வாயில் விட்டாள். குழந்தை குடித்தது, இருமியது, பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுச் செவலை தன்னை அறியாமல் பக்கத்தில் போய் நின்றாள். அவள் மடியில் பால் ஊற ஆரம்பித்ததும் அந்தக் குழந்தைக்கும் வெள்ளச்சியின் குட்டிகளுக்கும் அதில் பங்கு கொடுத்தாள்.

காலம் போனது. மனிதர்கள் ஆற்றங்கரையில் குடிசை போட்டார்கள். தங்கள் வாசலில் காவல் இருப்பாயா என்று தும்பை ஒருநாள் கோம்பையனைக் கேட்டாள்.

"காவல் இருக்கிறேன். ஆனால் வாசலில் உட்கார மாட்டேன். நீங்கள் போகிற இடத்துக்குக் கூடவே வருவேன்" என்றான் அவன்.

மூட்டை சுமக்க வருவாயா என்று பொதியாயியையும் கேட்டார்கள். கேட்டால் சுமப்பேன், கேட்காமல் ஏற்றினால் உதறிவிடுவேன் என்று அவள் சொன்னாள். அதன்பிறகு அந்தக் கரையில் யாரும் யாரையும் கேட்காமல் ஏற்றியதில்லை. கோபுரத்தடியில் தங்கிவிட்டவர்களுக்கு, கேட்காமலே, வாரந்தோறும் தண்ணீர்க் குடுவைகளைச் சுமந்து மலை ஏறியவளும் அவள்தான். போகப் போக அங்கிருந்தும் ஒருவர் இருவராக அவளோடு இறங்கி வந்தார்கள்.

ஒருநாள் வேறொரு வறண்ட ஊரிலிருந்து மாடுகள் சில தள்ளாடி வந்து சேர்ந்தன. இவ்வளவு நல்ல இடத்துக்கு உங்களைக் கூட்டிவந்த எசமானர் யார் என்று அவை கேட்டன. தண்ணீரில் நின்றுகொண்டிருந்த நொண்டி ஆடு தலையை நிமிர்த்தியது.

"எங்கள் கால்கள்தான்" என்றது.

நீதி: யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர் அழிவார்; பக்கத்தில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டு தம் காலால் நடப்பவரே தலைநிமிர்ந்து வாழ்வார்.